பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே பந்தி

நமக்கெல்லாம் வருஷத்தில் ஒரு நாள்தான் பிறந்த நாள். வருஷம் முழுவதும் பிறந்த நாள் கொண்டாடும் ஊர் ஒன்று இருக்கிறது என்றால் நம்புவீர்களா? நம்பாதவர்கள் மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்குங்கள். செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாகக் கிழக்கே கடலை நோக்கிப் போகும் பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இரு புறமும் வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்புமாக ஓடி வரும். காற்றில் லேசாக உப்பு வாசனை தட்டும்போது திருக்கடையூர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஊருக்குள் நுழைந்ததுமே மேளச் சத்தம் கேட்கும். யாருக்கோ கல்யாணம் போலிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பீர்கள். மாலையும் கழுத்துமாக நிற்கிற மாப்பிள்ளைக்குத் தலை முழுவதும் நரை. மணப்பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி ஏறுகிறாள். பின்னால் நாலு பேரன் பேத்திகள், "தாத்தாவுக்குக் கல்யாணம்! பாட்டிக்குக் கல்யாணம்!" என்று கும்மாளம் போடுகிறார்கள். ஆம், நேயர்களே! இங்கே நடப்பதெல்லாம் மணிவிழாக் கல்யாணம். பிறந்த நாள் கல்யாணம்.

மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் காலனையே காலால் உதைத்த ஸ்தலம் இது. அட்ட வீரட்டானங்களில் ஒன்று. பதினாறு வயதோடு முடிய வேண்டிய ஆயுள் முடியாமல் போன இடமாதலால், ஆயுளைக் கொண்டாட நம் ஜனங்கள் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது பிறந்தால் உக்ரரத சாந்தி. அறுபது நிரம்பினால் சஷ்டியப்த பூர்த்தி. எழுபதில் பீமரத சாந்தி. எண்பதில் சதாபிஷேகம். அதற்கு மேலும் பாக்கியம் இருந்தால் கனகாபிஷேகம், நூறானால் பூர்ணாபிஷேகம்.

இந்தக் கணக்குகளில் அர்த்தமும் உண்டு. தமிழ் வருஷங்கள் அறுபது. 1965-66 விசுவாவசு வருஷத்தில் பிறந்தவருக்கு அதே விசுவாவசு மறுபடி வந்தது 2025-26இல். பிறந்த வருஷத்தை இரண்டாம் முறை பார்ப்பது சாமானியமான காரியமா? சதாபிஷேகத்துக்கு உரியவரை ஆயிரம் பிறை கண்டவர் என்கிறோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொன்பதரை நாள் என்று பெருக்கிப் பாருங்கள். ஆயிரம் முடிய எண்பது வருஷமும் சுமார் பத்து மாதமும் ஆகும்.

கோயில் பிராகாரத்தில் விடியற்காலையிலேயே ஹோமப் புகை எழும்புகிறது. முகூர்த்த நாளானால் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் ஒவ்வொரு குடும்பம். பூஜித்த கலச ஜலத்தை மக்களும் மருமக்களும் பேரன் பேத்திகளும் ஒவ்வொருவராகத் தம்பதிகள் தலையில் கொட்டுகிறார்கள். ஈரத்தோடு எழுந்து, புது வேஷ்டியும் கூறைப் புடவையும் உடுத்தி, மறுபடியும் ஒரு திருமாங்கல்யம் கட்டி, அமிர்தகடேசுவரரையும் அபிராமி அம்மையையும் தரிசித்து வெளியே வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும்.

அப்புறம்? அப்புறம் பசி! அந்தப் பசியைப் பற்றித்தான் இன்று உங்களோடு கொஞ்சம் பேசப் போகிறேன்.

மறந்து போன ஒரு விருந்தாளி

விருந்தைப் பற்றிப் பேச இந்த ஊரை விடத் தகுந்த ஊர் கிடையாது. ஸ்தல புராணத்தைக் கேளுங்கள். பாற்கடலைக் கடைந்த தேவர்கள் அமிர்தக் குடத்தை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். விருந்துக்கு எல்லோரும் தயார். ஆனால் அவசரத்தில் பிள்ளையாரைக் கும்பிட மறந்து போனார்கள். பிள்ளையார் என்ன செய்தார்? குடத்தை எடுத்து ஒளித்துவிட்டார்! தேவர்கள் பதறிப்போய் அவரை வணங்கிய பிறகுதான் குடம் வந்தது. அந்தக் குடமே லிங்கமாகி அமிர்தகடேசுவரர் என்று பெயர் பெற்றது. 'கடம்' என்றால் குடம். தேவாரத்தில் ஊரின் பெயர் கடவூர். ஒளித்து வைத்தவருக்குக் கள்ளவாரணப் பிள்ளையார் என்று பெயர். கோயிலில் இன்றும் அவரைத் தரிசிக்கலாம்.

ஒரே ஒரு விருந்தாளியை மறந்ததால் தேவர்கள் விருந்தே நின்றுபோன ஊர் இது.

பெரிய புராணத்திலும் இந்த ஊருக்குச் சாப்பாட்டுத் தொடர்பு உண்டு. குங்கிலியக் கலய நாயனார் இவ்வூர்க்காரர். வறுமை முற்றி, குழந்தைகள் பட்டினி கிடந்தபோது, அவர் மனைவி கழுத்துத் தாலியைக் கழற்றி, நெல் வாங்கி வரும்படி கொடுத்து அனுப்பினாள். அவரோ வழியில் குங்கிலியப் பொதியைக் கண்டு, தாலியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அன்று இரவு இறைவன் அருளால் வீடு முழுவதும் நெல்லும் பொன்னும் நிறைந்தன என்பது கதை. குழந்தைகள் பசிக்காக ஒரு தாய் தாலியைக் கழற்றிக் கொடுத்த அதே ஊரில்தான் இன்று இத்தனை தாலிகள் புதிதாக ஏறுகின்றன!

பிற்பாடு அந்தக் கலயர் வீட்டுக்கு இரண்டு விருந்தாளிகள் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் மூன்று வயதில் ஞானப்பால் உண்ட சீகாழிப் பிள்ளை சம்பந்தர். மற்றவர், அந்தப் பிள்ளையே 'அப்பர்' என்று அழைத்த முதியவர் நாவுக்கரசர். பாலகனுக்கும் முதியவருக்கும் ஒரே வீட்டில் அறுசுவை அமுது! எல்லா வயதினருக்கும் விருந்து வைப்பது எப்படி என்ற பிரச்னை, அன்றைக்கே இந்த ஊரில் தீர்ந்திருக்கிறது.

நம்முடைய பிரச்னையும் அதுதான். நூறு பேர் வருகிறார்கள். நூறு பேருக்கும் நூறு வயிறு. பால்குடி மறவாத குழந்தை முதல் பல் போன பாட்டி வரையில் ஒரே பந்தி. மண்டபத்துக்காரர்கள் நீட்டும் அச்சடித்த பட்டியலில் 'இருபத்தொரு வகை', 'முப்பத்தொரு வகை' என்று போட்டிருக்கும். வகை எத்தனை என்பது முக்கியமல்ல, நேயர்களே! பந்தியில் உட்காரும் எவருக்காவது சாப்பிட ஒன்றும் இல்லாமல் போகிறதா என்பதுதான் முக்கியம். முப்பத்தொரு வகையை விரித்து, விழா நாயகர் அவற்றில் மூன்றைக்கூடத் தொட முடியாமல் எழுந்திருந்தால் அது யாருக்கு வைத்த விருந்து?

ஆகையால் காகிதத்தை எடுத்து, அழைப்பிதழ் அனுப்பிய ஜாபிதாவை இன்னொரு முறை எழுதுங்கள். இம்முறை உறவுமுறைப்படி அல்ல; பல் முறைப்படி! பல் முளைக்காதவர் எத்தனை பேர், விழுந்து முளைக்கிறவர் எத்தனை பேர், கல்லையும் கடிக்கிறவர் எத்தனை பேர், கட்டின பல் எத்தனை பேர் என்று நாலு பத்தி போடுங்கள். பக்கத்தில் சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று மூன்று குறி. சமையற்காரரிடம் முதலில் கொடுக்க வேண்டியது இந்த ஜாபிதாவைத்தான்.

முதல் நாள் இரவு

உறவினர்கள் முதல் நாள் மாலையிலிருந்தே வந்து இறங்குவார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஒன்பது மணி, பத்து மணி என்று வந்து சேருவார்கள். குழந்தைகள் வழியெல்லாம் கண்டதைத் தின்று வயிறு மந்தித்திருக்கும். பெரியவர்களுக்குக் கால் வீங்கியிருக்கும். இந்த இரவுக்குத் தடபுடல் வேண்டாம். இட்லி போதும்.

இட்லிக்கு வயது வரம்பு கிடையாது. பத்து மாதக் குழந்தைக்கும் பிட்டுக் கொடுக்கலாம். பல் இல்லாத பாட்டியும் சாப்பிடலாம். தொட்டுக்கொள்ளக் கும்பகோணத்துக் கடப்பா பண்ணச் சொல்லுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு அரைத்துவிட்டுக் கொதிக்கவைப்பது. மிளகாய்க் காரம் அளவாக இருப்பதால் குழந்தைகள் முகம் சுளிக்காது. பூண்டு, வெங்காயம் சேர்க்காத குடும்பமானால் சிதம்பரத்துக் கத்தரிக்காய்க் கொத்சு இருக்கிறது. நடராஜர் கோயிலில் சம்பா சாதத்தோடு நைவேத்தியமாகிற கொத்சுதான் அது.

இதோடு ஒரு தவலை ரசஞ் சாதம், ஒரு தவலை மோர் சாதம் குழையப் பிசைந்து வைத்துவிட்டால் போதும். பத்தரை மணிக்கு வந்து சேருகிற சித்தப்பா, "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இரண்டு கரண்டி ரசஞ் சாதம் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார்.

விடிந்தால் விசேஷம்

காலையில் காப்பி. லிட்டர் பாலுக்கு எட்டிலிருந்து பத்துக் காப்பி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போடாத பாத்திரம் ஒன்று தனியாக, அடையாளத்தோடு இருக்கட்டும். "எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்று ஒவ்வொரு வேளையும் ஊரறியச் சொல்ல எந்த மாமாவுக்கும் பிரியம் இராது.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விஷயம். விழாத் தம்பதிகள் பெரும்பாலும் காலை ஆகாரம் இல்லாமலே மணையில் உட்காருகிறார்கள். சடங்கு முடிய மூன்று நாலு மணி நேரம் ஆகலாம். சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். ஹோமப் புகையினால் வந்த மயக்கம் என்று பக்கத்தில் இருப்பவர்கள் விசிறிக்கொண்டிருப்பார்கள்! ஆகவே முன்னதாகவே டாக்டரைக் கேட்டு, அன்றைக்கு மருந்து எப்படி, எப்போது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நடத்திவைக்கும் சிவாச்சாரியாரிடமும் சொல்லிவிட வேண்டும். பாலும் பழமும் சாப்பிட அனேகமாக யாரும் தடை சொல்லமாட்டார்கள். மூத்த மகள் புடவைத் தலைப்பில் நாலு கற்கண்டு முடிந்துகொண்டு அப்பாவின் பக்கத்தில் நிற்கட்டும். அது வெறும் சம்பிரதாயக் கற்கண்டு அல்ல.

மற்றவர்களுக்குச் சிற்றுண்டி: வெண்பொங்கல், இட்லி, மெதுவடை, சாம்பார், சட்னி, ஒரு கேசரி. பொங்கல் ஆற ஆற இறுகும். அடுப்பில் இருக்கும்போது கூழ் மாதிரித் தளர இருந்தால்தான் இலைக்கு வரும்போது பொங்கலாக இருக்கும். அடுப்பிலேயே பொங்கலாக இருந்தால் இலையில் கட்டியாகிவிடும். குழந்தைகளுக்கென்று மிளகு போடாமல் ஒரு சின்னப் பாத்திரம் பொங்கல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முழு மிளகைக் கடித்த குழந்தை அன்றைக்கு மறுபடி இலைப் பக்கமே வராது.

பத்து மணிக்குப் பானகமும் நீர்மோரும். பானகம் குழந்தைகளுக்கு, நீர்மோர் பெரியவர்களுக்கு. மோரில் உப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். ரத்தக் கொதிப்புக்காரர்களும் குடிப்பார்கள். இளநீர் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்து எல்லோருக்கும் கொடுத்துவிடக் கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்னால்தான் சாப்பிட வேண்டும். அதே மாதிரி, தேன் விட்ட பஞ்சாமிர்தத்தைப் பிரசாதம்தானே என்று கைக்குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகவே ஆகாது; அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தைக்கு அபாயம் என்று வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. பிரசாதத்தைக் குழந்தையின் அம்மா வாங்கிச் சாப்பிட்டால் புண்ணியம் குறைந்துவிடாது.

இலை போட்டாயிற்று

இப்போது மத்தியானச் சாப்பாடு. எல்லா வயதுக்கும் பொருந்துகிற இலை எப்படி இருக்கலாம்? நான் சொல்கிற பட்டியலைப் பாருங்கள். உங்கள் வீட்டு வழக்கப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இனிப்புக்குத் திருவையாற்று அசோகா. பாசிப்பருப்பை வேகவைத்துச் சர்க்கரையும் நெய்யுமாகக் கிளறுவது. நாக்கில் வைத்தால் போதும், பல்லுக்கு வேலை இல்லை. வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி. கோசுமல்லி. பறங்கிக்காய்ப் பால் கூட்டு. இது குழந்தைக்கும் கிழவருக்கும் ஒரே மாதிரி பிடிக்கும். பொடியாக நறுக்கிய அவரைக்காய்ப் பொரியல். வாலிபர்களுக்கு உருளைக்கிழங்கு ரோஸ்ட். இது இல்லாவிட்டால் கல்லூரிப் பிள்ளைகள் எழுந்து ஹோட்டலைத் தேடிப் போய்விடுவார்கள். வாழைக்காய் வறுவல், அப்பளம், வடை. பருப்பு, நெய். சாம்பார். பூசணிக்காய் மோர்க்குழம்பு. எலுமிச்சை ரசம். பால் பாயசம். தயிர். ஊறுகாய். கூட்டிப் பார்த்தால் இருபது வகைக்கு உள்ளேதான். ஆனால் எந்த வயதுக்காரருக்கும் இதில் ஐந்தாறு வகையாவது நிச்சயம் உண்டு.

வகைகளைவிடப் பரிமாறுகிற முறைதான் பெரிது. பதினொன்றரை மணிக்கே குழந்தைகளைத் தனியாக உட்கார்த்தி வையுங்கள். சின்ன இலை போதும். முதலில் பருப்புச் சாதமும் நெய்யும், அப்பளமும், பறங்கிக்காய்க் கூட்டும். பாயசத்தை முதலில் கண்ணில் காட்டக்கூடாது. காட்டினால் அதோடு சாப்பாடு முடிந்தது! பெரியவர்கள் இலைக்கு இனிப்பு முதலில் வரட்டும், சம்பிரதாயப்படி. குழந்தைகள் இலைக்குக் கடைசியில் வரட்டும், அனுபவப்படி.

வயதானவர்களுக்குத் தரையில் பாய் வேண்டாம். கை கழுவுகிற இடத்துக்கு அருகில் மேஜை நாற்காலி. அவர்களுக்கென்று ஒரு தவலைச் சாதம் குழைய வடித்திருக்கட்டும். பரிசாரகர்களில் பொறுமைசாலியான ஒருவரை அந்த வரிசைக்கு என்று நிறுத்திவிட வேண்டும். மற்ற வரிசையில் சாம்பார் வாளி போகிற வேகத்தில், "ரசம் இருக்கா அப்பா?" என்று பாட்டி கேட்டு முடிப்பதற்குள் மோர் வந்து நின்றுவிடும். மெதுவாகச் சாப்பிடுகிறவர் எதிரில் இலையை எடுக்கக் காத்து நிற்பதைப் போன்ற அவமரியாதை வேறில்லை.

இனிமேல் அளவு. இலைச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசி எட்டுப் பேரிலிருந்து பத்துப் பேர் வரை காணும் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு பேருக்குப் பத்து, பன்னிரண்டு கிலோ. பாயசம் தலைக்கு 100 மில்லி என்றால் பத்து லிட்டர். தயிரும் அப்படியே. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருவரை ஒருவராக எண்ணுங்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் சாதம் குறைத்து, ரசமும் கூட்டும் கூட்டிச் சாப்பிடுவார்கள். வாலிபர்கள் இதற்கு நேர்மாறு. அதனால் சபையில் யார் அதிகம் என்று பார்த்துத்தான் சமையற்காரர் அரிசியைக் களைய வேண்டும்.

கரண்டி நிறைய அள்ளி ஒரே தடவையில் கொட்டுவது உபசாரமல்ல. கொஞ்சமாகப் போட்டு, இரண்டாம் தடவை கேட்டுப் போடுவதே உபசாரம். எச்சில் இலைத் தொட்டியில் முழு வடையும் தொடாத பொரியலும் விழுவதைப் பார்த்தால், குழந்தைகளைப் பட்டினியாகத் தூங்கவைத்த கலயர் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் அடுப்பு எரிந்த ஊர் இது.

கேக் வேண்டுமா?

பேரன் பேத்திகள் விடமாட்டார்கள். பிறந்த நாள் என்றால் அவர்கள் கணக்கில் கேக்தான். தாத்தாவோ, "விளக்கை ஊதி அணைக்கிறதாவது! சிவ சிவா!" என்பார். இதற்காகச் சண்டை வேண்டாம். முட்டை சேர்க்காத கேக் ஒன்று சின்னதாக வாங்கிக்கொள்ளுங்கள். மெழுகுவத்தியை ஊதுவதற்குப் பதிலாகப் பாட்டி குத்துவிளக்கை ஏற்றட்டும். தாத்தா கேக்கை வெட்டட்டும். சின்னவர்களுக்குக் கேக், பெரியவர்களுக்கு ஒரு போட்டோ. இரண்டு கட்சிக்கும் ஜயம்!

மாலையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போய் வரலாம். ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்கு பாதிரியார் தமிழ்ப் புத்தகங்கள் அச்சிட்டது இந்த ஊரில்தான். பெரிய பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளை அலையில் கால் நனைக்க விடுங்கள். கையோடு சுண்டல் கொண்டுபோவீர்கள் அல்லவா? ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழு வேர்க்கடலையும் கொண்டைக்கடலையும் கொடுக்காதீர்கள். ஓடிக்கொண்டே வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்குப் பாசிப்பருப்புச் சுண்டல், உட்கார்த்தி வைத்து. பல் இல்லாத பாட்டிகளும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொள்வார்கள்.

ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கட்டுசாதம். புளியோதரை நின்று தாங்கும். தயிர் சாதத்தைத் தயிரில் பிசையாமல், நன்றாகக் காய்ச்சி ஆறிய பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால், சாப்பிடுகிற நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும், புளிக்காது. இட்லியானால் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வையுங்கள். குழந்தைகளுக்கு வெறும் நெய். தேங்காய்ச் சட்னியை மட்டும் வழிக்குக் கட்டிக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் ஊசிப்போகும். மத்தியானம் மீந்த கூட்டையும் பாயசத்தையும் வீணாகப் போகிறதே என்று மடித்துக் கொடுப்பதும் தப்பு. சமைத்த பண்டம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், நம் ஊர் உஷ்ணத்தில் அதை நம்பக்கூடாது.

கடைசிப் பந்தி

எல்லோரும் சாப்பிட்டாயிற்று என்று தோன்றும்போது, எண்ணிப் பாருங்கள். நாயனக்காரரும் தவில்காரரும் சாப்பிட்டார்களா? உங்களைச் சென்னையிலிருந்து இராத்திரி பூராவும் கண் விழித்து அழைத்து வந்த டிரைவர்? போட்டோ எடுக்கிற பையன்? அடுப்படியில் விடியற்காலை மூன்று மணிக்கு நெருப்பு மூட்டிய தவசுப்பிள்ளைகள்? இவர்கள் பெயர் அழைப்பிதழ் ஜாபிதாவில் இராது. நூறு பேர் என்று சொன்ன இடத்தில் நூற்றுப்பதினைந்து என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிரைவர் நேரத்தோடு சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால், அது உங்கள் குடும்பத்துக்கே க்ஷேமம்.

மண்டபத்துக்காரரிடமோ சமையல் கான்டிராக்டரிடமோ பேசும்போது, "எத்தனை வகை?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். குழந்தைகளுக்குத் தனிப் பந்தி எத்தனை மணிக்கு? பெரியவர்கள் வரிசைக்கு யார் பரிமாறுவார்? சர்க்கரை இல்லாத காப்பி உண்டா? காரமில்லாமல் ஒரு கூட்டு எடுத்து வைப்பீர்களா? குடிக்கிற தண்ணீர் காய்ச்சினதா? இந்த ஐந்துக்கும் தயங்காமல் பதில் சொல்லுகிறவர் கையில் வேலையை ஒப்படைக்கலாம்.

கடைசியாக விழா நாயகரையும் நாயகியையும் பற்றி ஒரு வார்த்தை. அன்று முழுவதும் எல்லோரும் அவர்கள் காலில் விழுகிறார்கள். வரிசையாக வந்து ஆசீர்வாதம் வாங்குகிறார்கள். போட்டோவுக்கு நிற்கச் சொல்கிறார்கள். "வந்தவர்கள் முதலில் சாப்பிடட்டும்" என்று அவர்களும் பெருந்தன்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். மணி இரண்டாகிறது. அவர்கள் உட்காரும்போது அப்பளம் நமுத்திருக்கிறது, ரசம் ஆறியிருக்கிறது, அவர்களுக்கும் பசி மரத்துப் போயிருக்கிறது. இரண்டு கவளம் மோர் சாதத்தோடு எழுந்துவிடுகிறார்கள்.

இப்படி நடக்கவிடக்கூடாது, நேயர்களே. தரிசனம் முடிந்து வந்ததும் முதல் பந்தியில் முதல் இலை அவர்களுக்கு. நமஸ்காரமும் போட்டோவும் சாப்பிட்ட பிறகு. அவர்களுக்குப் பிடித்தது ஒன்று - எளியதாக, ஒரு வேப்பம்பூ ரசமோ மணத்தக்காளி வற்றல் குழம்போ - பட்டியலில் இல்லாவிட்டாலும் இரண்டு பேருக்கென்று பண்ணி வைத்திருக்கட்டும். பக்கத்து இலையில் கடைக்குட்டிப் பேரன் உட்காரட்டும். அவன் அப்பளத்தை நொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே தாத்தா இன்னும் ஒரு கவளம் கூடச் சாப்பிடுவார்.

திருக்கடையூருக்குப் போகிறவர்கள் கள்ளவாரணப் பிள்ளையாரை மறக்காமல் கும்பிட்டு வாருங்கள். கும்பிடும்போதே, நம் பந்தியில் யாரையாவது மறந்துவிட்டோமா என்று ஒரு தடவை மனத்துக்குள் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் உங்கள் விருந்தும் அமிர்தம்தான்.